சீப்புக்காரியும் அரைப் பாட்டில் சாம்பும்

மலாயாவில் அவசரகாலம் தொடங்கி மூன்று வருடம் இருக்கும். அலோர் காஜாவிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நடந்தது இது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பால்மரம் சீவுவதுதான் வேலை. உனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று அம்மா சொல்வார். அது மூக்கைத் தாண்டி உச்சந்தலைக்கே ஏறி உட்கார்ந்திருந்தது என்பதுதான் உண்மை. இப்போது வயதாகி, புக்கிட் பெருவாங்கில் மகன் வீட்டில் உட்கார்ந்து இதை எழுதும்போதும் அது கீழே இறங்கவில்லை.

அந்தக் காலத்தை அறியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். காட்டுக்குள் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளை, அதாவது லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டுவிட்டார்கள். போக வர ஒரே ஒரு கேட். காலை ஆறு மணிக்குத் திறப்பார்கள், மாலை ஆறு மணிக்கு மூடுவார்கள். மரம் சீவப் போகிறவர்கள் ஒரு பிடி அரிசிகூட வெளியே கொண்டுபோகக் கூடாது. டவுனில் ஒரு பால் டின் வாங்கினால்கூடக் கடைக்காரரே அதில் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார், யாரும் சேர்த்து வைத்துக் காட்டுக்கு அனுப்பிவிடக் கூடாதாம். வயிறு எங்களுடையது, அதற்கு என்ன போடுவது என்பதைக் கேட்டில் நிற்கிறவன் முடிவு செய்வான். அப்படி ஒரு காலம்.

கேட்டில் ஆண்களைத் தடவிப் பார்க்கக் காவலர்கள் இருந்தார்கள். பெண்களைத் தடவிப் பார்க்க ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தார்கள். அவள் எங்கள் தோட்டத்தாள் இல்லை. நாற்பது வயது இருக்கும், ஒல்லியான உடம்பு, அதிகம் பேச மாட்டாள். விடியும் முன்னே லாரியில் வந்து இறங்கிவிடுவாள். பெண்கள் கொண்டைக்குள் அரிசி முடிந்து கடத்துகிறார்கள் என்று எவனோ தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் சொல்லிவைத்திருந்தான். அதனால் ஒவ்வொருத்தியும் அவள் முன்னால் நின்று கொண்டையை அவிழ்க்க வேண்டும். அவள் ஒரு மரச்சீப்பை உச்சியில் வைத்து முதுகு வரைக்கும் இழுப்பாள். பிறகு காவலர் பக்கம் திரும்பிச் 'சரி' என்பாள். நாற்பது தலைக்கும் அதே சீப்பு. இரண்டு வாரத்தில் லயம் முழுக்கப் பேன்.

அவளுக்குச் சீப்புக்காரி என்று பெயர் வைத்தது நான்தான். தோட்டத்தில் நமக்கு மூத்தவர் யாராக இருந்தாலும் அக்கா, அத்தை, சின்னம்மா என்று ஏதாவது முறை வைத்துத்தான் கூப்பிடுவோம். சண்டை போடும்போதுகூட 'ஏன் அத்தை என் துணியை மிதிச்சீங்க' என்றுதான் சண்டையே ஆரம்பிக்கும். அந்தப் பெண்ணுக்கு மட்டும் நாங்கள் எந்த முறையும் கொடுக்கவில்லை. அவள் 'வா' என்றால் போய் நிற்போம், 'சரி' என்றால் நடப்போம். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. ஊரே சேர்ந்து ஒரு மனுஷியை முறை இல்லாதவளாக ஆக்கியிருந்தோம்.

என் தலைமுடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அழகு என்று என்னிடம் வேறு எதுவும் இல்லை. மூக்கு சப்பை, நிறம் கறுப்பு, குரல் தகரம். முடி மட்டும் இடுப்பைத் தாண்டித் தொடை வரை இறங்கும். வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா சீயக்காய் தேய்த்துக் குளிப்பாட்டிவிடுவார். பால் தெறித்துக் காய்ந்து ஒட்டுப்பாலாகிக் கிடக்கும் இடங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுப்பார். அதைப் பொது இடத்தில் அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, ஆண்கள் வரிசை பார்த்துக்கொண்டிருக்க, எவளோ ஒருத்தி சீப்பு போட நிற்க வேண்டும் என்றால் எனக்கு எப்படி இருக்கும்? முதல் நாளே பல்லைக் கடித்துக்கொண்டுதான் நின்றேன்.

அதோடு விட்டார்களா? அடுத்த மாதம் அம்மா டவுனிலிருந்து சீயக்காய்த் தூள் வாங்கி வந்தார். கேட்டுக்குத் தலைவராக ஒரு பெரிய காவலர் இருந்தார். நம்ம ஆள்தான், பக்கத்துத் தோட்டத்தில் மரம் சீவிக்கொண்டிருந்தவர். காக்கிச் சட்டை போட்டதும் அவருக்கு நடையே மாறிவிட்டது. பொட்டலத்தைப் பிரித்தார், பழுப்புத் தூளைப் பார்த்தார், விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். தூ தூ என்று துப்பிவிட்டு, இவ்வளவு கசந்தால் இது மருந்துதான், காட்டுக்குப் போகிற மருந்து என்றார். சீயக்காயைப் பார்த்தறியாத தமிழன் உண்டா? 'ஒங்க அம்மா இதை ஒங்க தலையில தேச்சதே இல்லியா?' என்று என் அம்மா கேட்டே விட்டார். அவருக்கும் அது தெரிந்துதான் இருக்க வேண்டும். ஆனால் நாலு பேர் முன்னால் மருந்து என்று சொல்லியாகிவிட்டது. இனி மாற்றிச் சொன்னால் காக்கிச் சட்டைக்கு என்ன மரியாதை? தூள் முழுவதும் சாக்கடைக்குப் போனது. அன்றிலிருந்து சீயக்காய், அரப்பு, பயத்தமாவு எதுவுமே கேட்டைத் தாண்டவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரை நான் என்ன செய்ய முடியும்? கையில் துப்பாக்கி வைத்திருந்தார். துரையை என்ன செய்ய முடியும்? துரை பங்களா மேட்டில் இருந்தது. சீப்புக்காரிதான் எதிரே நின்றாள், தினமும், கை எட்டும் தூரத்தில்.

வீட்டில் சாமிக்குப் புகை போட வைத்திருந்த குங்கிலியம் இருந்தது. அதை இடித்து, தேங்காயெண்ணெயில் போட்டு அடுப்பில் உருக்கினேன். தோட்டத்துக் கணக்கர் கிராணி வீட்டில் தூக்கி எறிந்த, முடிக்குப் பூசுகிற பொமேட் டப்பா ஒன்று கிடைத்தது, அடியில் ஒட்டியிருந்ததையும் வழித்துப் போட்டேன். ஆறியதும் கருப்பாக, பாகு மாதிரி ஒரு பிசின் வந்தது. அதை முடியின் வேர்க்கால் வரை அப்பிக் கொண்டை போட்டுக்கொண்டு மறுநாள் கேட்டில் போய் நின்றேன். சீப்பு பாதியிலேயே மாட்டிக்கொண்டது. அவள் விரலை விட்டுப் பிரித்துப் பார்த்தாள். விரலும் ஒட்டிக்கொண்டது. என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு காவலர் பக்கம் திரும்பிச் 'சரி' என்றாள். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அன்று முழுவதும் மரத்துக்கு மரம் பாட்டுப் பாடிக்கொண்டே சீவினேன்.

செய்தி பரவ எவ்வளவு நேரம்? மூன்றே நாளில் இருபது பேர் என் பிசினை வாங்கிப் பூசிக்கொண்டார்கள். கை வைக்கட்டும் பார்க்கலாம் என்று காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகும் வழியெல்லாம் சிரிப்பு. ஆனால் பாயும் தலையணையும் நாறுகிறது என்று வீட்டுக்கு வீடு சண்டை வந்தது. ஒரு மாதத்தில் ஒவ்வொருத்தியாக, பிசின் இறுகுவதற்கு முன்னே எலுமிச்சையும் சோப்பும் போட்டுக் கழுவிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். நான் விடவில்லை. பிடிவாதம். ஏழு வாரம் அதன் மேலேயே பூசிக்கொண்டிருந்தேன். கீழே இருந்தது இறுகி, அதன் மேல் தூசியும் வேர்வையும் ரப்பர் பாலும் சேர்ந்து, கடைசியில் என் முடி முடியாகவே இல்லை. தேங்காய் நார்க் கயிற்றைத் தாரில் முக்கி எடுத்த மாதிரி முதுகில் தொங்கியது.

அப்போதுதான் அந்தச் சனிக்கிழமை வந்தது. வேலை முடிந்து உள்ளே வரும்போது பெரிய காவலர் எங்களை நிறுத்திவைத்துச் சொன்னார். இது துரையின் உத்தரவாம். திங்கட்கிழமை காலை எந்தப் பெண்ணின் தலையில் சீப்பு போகவில்லையோ, அவள் முடி கேட்டிலேயே வெட்டப்படும். ஆட்டு ரோமம் வெட்டுகிற அளவுக்கு ஒரு கத்தரிக்கோலையும் மேசையில் எடுத்து வைத்தார். பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை, எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

என் அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். சாமிக்கு முடி கொடுப்பது வேறு. கேட்டில் வைத்து எவனோ வெட்டிவிட்டால் அந்தப் பெண் என்ன தப்புச் செய்தாளோ என்றுதான் ஊர் பேசும், வளரும் வரை பேசும், வளர்ந்த பிறகும் பேசும். நான் சீப்புக்காரியைப் பார்த்தேன். இரண்டு கையையும் முந்தானைக்குள் விட்டுக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். துரையிடம் போட்டுக்கொடுத்தது இவள்தான் என்று எனக்கு அந்த நிமிஷமே உறுதியாகிவிட்டது. வாயில் வந்ததையெல்லாம் மனதுக்குள் சொல்லித் திட்டினேன். இங்கே எழுதினால் அச்சில் வராது.

அன்று சாயங்காலம் முழுவதும் அம்மா என் தலையோடு மல்லுக்கட்டினார். மஞ்சள் சோப்புக் கட்டி ஒன்று கரைந்தே போனது. சோப்பு போய்ப் பிசினோடு சேர்ந்து வெள்ளை வெள்ளையாய்த் திட்டுப் படிந்தது, அவ்வளவுதான். எலுமிச்சம்பழம், புளித்த கஞ்சி, கடைசியில் கொஞ்சம் மண்ணெண்ணெய். தலைத்தோல் தீயாய் எரிந்தது, பிசின் அசையவில்லை. 'எண்ணெயைப் பூசித்தானே இந்தக் கதிக்கு வந்தே, இனிமே எண்ணெய்ப் பக்கம் போனா கையை ஒடிச்சுப்புடுவேன்' என்று அம்மா கத்தினார். எண்ணெய்தான் எதிரி என்று நாங்கள் இரண்டு பேரும் முடிவு கட்டியிருந்தோம். அதுதான் எங்கள் முட்டாள்தனம். அது பிறகுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அலோர் காஜாவுக்குப் பஸ் ஏறினேன். அங்கே நாங்கள் வழக்கமாகப் போகிற காக்கா கடை, அதாவது தமிழ் முஸ்லிம் ஒருவரின் கடை, ஒன்று இருந்தது. பவுடர், கண்மை, வாசனை எண்ணெய் எல்லாம் கண்ணாடி அலமாரியில் வைத்திருப்பார். துண்டை விலக்கிக் காட்டியதும் காக்கா இரண்டு அடி பின்னால் போனார். பிறகு என்ன பூசினேன், எத்தனை நாள் என்று டாக்டர் மாதிரி விசாரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. திங்கட்கிழமைக் கத்தரிக்கோலைப் பற்றிச் சொன்னேன். அவர் அலமாரியைத் திறந்து மூன்று பாட்டில்களை எடுத்து வைத்தார். சாம்பு என்ற பொருளை நான் முதல்முதலாகப் பார்த்தது அன்றுதான்.

ஒன்று மஞ்சளாக இருந்தது, முட்டை சேர்த்ததாம். இன்னொன்று பால் மாதிரி வெள்ளை. வாசனைக்காக நான் அந்த வெள்ளையை எடுத்தேன். காக்கா அதைப் பிடுங்கி உள்ளே வைத்தார்.

"அதெல்லாம் காஞ்ச தலைக்கும்மா. முடிக்கு எண்ணெ குடுக்குற சாமான். ஒனக்கு இருக்குறதை எடுக்கணும், இன்னும் குடுக்கக் கூடாது. இந்தா, தண்ணி மாதிரி அந்தப் பக்கம் தெரியுது பாரு, இதுதான் பிசுக்க அறுக்கும்."

முழுப் பாட்டிலை வாங்க எனக்கு வக்கு இல்லை. அது அவருக்கும் தெரியும். சாராயமோ மருந்தோ இருந்த ஒரு பழைய தட்டைப் பாட்டிலைக் கழுவி, அதில் பாதி வரை ஊற்றித் தக்கை வைத்து அடைத்துக் கொடுத்தார். அதன் பெயர் என்ன என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன். கேட்டில் கேட்பார்களே, சரியாகச் சொல்ல வேண்டுமே. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சாம்பு, சாம்பு, சாம்பு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த மலாய்க்கார அம்மா என்னைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

கேட்டில் இறங்கும்போது ஐந்து மணி தாண்டிவிட்டது. டவுனுக்குப் போய்த் திரும்பியவர்கள் முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். பெரிய காவலர் என் கூடையில் கையை விட்டார். நேராகப் பாட்டில்தான் வந்தது. தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இது என்ன என்றார்.

அவர் இடுப்பில் துப்பாக்கி, மேசையில் கத்தரிக்கோல், பின்னால் முப்பது பேர். என் வாயில் சனி உட்கார்ந்தது.

"சம்சு" என்றேன்.

சம்சு என்றால் எங்கள் பக்கத்தில் என்ன என்று சொல்லத் தேவையில்லை. எத்தனையோ குடும்பத்தைக் குடித்த மட்டச் சாராயம். அதைத் தோட்டத்துக்குள் கொண்டுவந்தால் அன்றே சீட்டைக் கிழித்து அனுப்பிவிடுவார்கள். அதை ஒரு வயசுப் பெண் கூடையில் வைத்துக்கொண்டு, கேட்ட கேள்விக்குப் பளிச்சென்று பதிலும் சொல்லியிருக்கிறாள். யாரோ ஒருவர் பின்னாலிருந்து சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். இல்லை இல்லை, சாம்பு, தலைக்குப் போடுவது என்று நான் கத்திக் கத்திச் சொன்னேன். யார் கேட்டார்கள்?

பெரிய காவலர் தக்கையைத் திறந்து மோந்து பார்த்தார். அது சாராயம் இல்லை என்று அந்த நொடியே அவருக்குத் தெரிந்திருக்கும். பூ வாசனை எனக்கே வந்தது. ஆனால் சீயக்காய் விஷயத்தில் என் அம்மா கேட்ட கேள்வி அவருக்கு மறந்திருக்குமா?

"தலைக்குப் போடறதா? அப்போ போட்டுக் காட்டு லா. இங்கேயே. நொரை வந்தா சோப்பு, உள்ளே போ. வரலேன்னா சம்சுதான். ஒன் சீட்டு கிழியும், நாளைக்கு முடியும் போவும்."

கேட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. ஆறு மணிக்கு இன்னும் அரை மணி நேரம்கூட இல்லை. நான் துண்டை அவிழ்த்தேன். என் தலையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது, அது சிரிப்பை விட மோசமாக இருந்தது. குனிந்து தண்ணீரை விட்டுக்கொண்டு, பாட்டிலில் பாதியை உச்சியில் ஊற்றித் தேய்த்தேன். தேய்த்தேன், தேய்த்தேன், ஒரு குமிழிகூட வரவில்லை. பச்சைத் தண்ணீர் மாதிரி வழிந்து ஓடிவிட்டது. காக்கா ஏமாற்றிவிட்டார் என்று நினைத்தேன். நாளைக்கு மொட்டை, இன்றைக்குச் சம்சுக்காரி. அப்படியே அந்தக் குழாயடியில் செத்துவிடலாம் போல இருந்தது.

"நொரை எங்கே?" என்றார் பெரிய காவலர்.

"மொத தண்ணிக்கு வராதுங்க" என்று ஒரு குரல் கேட்டது. சீப்புக்காரி. அவள் வாயிலிருந்து 'சரி', 'வா' தவிர வேறு சொல் கேட்டதே அன்றுதான். "எண்ணெப் பிசுக்கு நொரையத் தின்னுடும். ஒரு பத்து நிமிஷம் குடுங்க."

அவர் பதில் சொல்வதற்குள் அவள் குழாயடிக்கு வந்துவிட்டாள். தோளில் கிடந்த பெரிய துண்டை எடுத்துக் குழாய்க்கும் வரிசைக்கும் நடுவே வேலிக் கம்பியில் மாட்டி மறைப்புக் கட்டினாள். பிறகு இடுப்பிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தாள். தேங்காயெண்ணெய். அதை ஒரு சொட்டு விடாமல் என் தலையில் கவிழ்த்தாள். ஐயோ எண்ணெயா என்று நான் துள்ளினேன். தலையை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சும்மா இரு, பிள்ளை. பிசின எண்ணெதான் எளக்கும். எளக்குன பெறகுதான் சாம்பு எடுக்கும். நீ தலைகீழா செஞ்சா எப்படி வரும்?"

வேர்க்காலிலிருந்து நுனி வரை அவள் விரல்கள் பிசைந்தன. ஏழு வாரமாக இறுகிக் கிடந்தது மெல்ல மெல்ல நெகிழ்ந்து, கருப்பாய் வழிந்து என் காலடியில் விழுந்தது. மீதி இருந்த சாம்பில் பாதியை ஊற்றினாள். கொஞ்சமாய் ஒரு சாம்பல் நிற நுரை வந்தது. அலசினாள். கடைசிப் பாதியை ஊற்றினாள். அப்போது வந்தது பாருங்கள் நுரை, வெள்ளை வெளேரென்று, என் நெற்றியில் இறங்கிக் கண்ணை மறைத்தது. அதை வழித்துக் கீழே போட அவள் கையை என் முகத்துக்கு முன்னால் கொண்டுவந்தாள். அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தேன்.

பத்து விரலும் வெடித்திருந்தன. காய்ந்த வயல் மாதிரி கோடு கோடாகப் பிளந்து, சில கோடுகளில் சிவப்புத் தெரிந்தது. நகத்தைச் சுற்றித் தோலே இல்லை. நுரை அதில் பட்டபோது அவள் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டாள், கையை மட்டும் எடுக்கவில்லை.

இது என்ன என்று கேட்டேன். முறை சொல்லவில்லை, மொட்டையாகத்தான் கேட்டேன்.

"ஒங்க பிசின்தான். தெனம் மண்ணெண்ணெ போட்டுத் தேச்சாதான் விரல்ல இருந்து போச்சு. அதுலதான் வெடிச்சிருச்சு. இப்பத்தான் ஒருத்தங்க சொன்னாங்க, எண்ணெ போட்டு எடுன்னு."

என் தலையில் அவள் கவிழ்த்த குப்பி, அந்த விரல்களுக்குப் பூச வைத்திருந்தது. ஆனால் கோபம் அவ்வளவு லேசில் விடுமா? அந்த நிலையிலும் கேட்டேனே ஒரு கேள்வி, அதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. நீங்கள்தானே துரையிடம் போட்டுக்கொடுத்தது என்று கேட்டேன்.

அவள் என் முடியை முறுக்கிப் பிழிந்துகொண்டே சொன்னாள். துரை லாரியில் வந்தபோது அவள் கையைப் பார்த்துவிட்டு அவராகவே கேட்டிருக்கிறார். பிசின் ஒட்டுகிறது என்று மட்டும்தான் சொன்னாளாம். அதற்காகப் பெண் பிள்ளைகளின் முடியை வெட்டச் சொல்லுவார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"சீப்பு போவலேன்னு நான் சொல்லியிருந்தா மொத நாளே ஒன்னய வேலைக்கு விட்டிருக்க மாட்டானுங்க. ஏழு வாரமா மேலாலதான் இழுத்துட்டு சரின்னு சொல்றேன்."

ஏழு வாரம். ஒவ்வொரு காலையும் நான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு பாட்டுப் பாடினேனே, அந்த ஒவ்வொரு காலையும் அவர் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார். ஆமாம், அவர். இதுவரைக்கும் அவள், இவள் என்றே எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். அன்று நான் அப்படித்தான் நினைத்தேன் என்பதால் அதை மாற்றாமல் விடுகிறேன்.

அவர் சீப்பை எடுத்து என் உச்சியில் வைத்தார். ஒரே இழுப்பு. நுனி வரை தடையில்லாமல் போனது. துண்டை விலக்கி, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி இன்னொரு தடவையும் இழுத்துக் காட்டினார். பெரிய காவலர் பக்கம் திரும்பி, வழக்கமான அதே குரலில், "சரி" என்றார். என் அம்மா கேட்டுக்கு உள்ளே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதுகொண்டிருந்தார். பெரிய காவலர் கையை ஆட்டினார். போகலாம் என்று அர்த்தம்.

நான் திரும்பிப் பார்த்தேன். 'அக்கா' என்று கூப்பிட வேண்டும். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் வரிசையில் முப்பது பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அவர்களில் பாதிப் பேர் என் பேச்சைக் கேட்டு அவரைச் சீப்புக்காரி என்று கேலி பேசியவர்கள். அவர்கள் முன்னால் நானே போய் அக்கா என்பதா? அந்தப் பாழாய்ப்போன ரோஷம் வழியை மறித்தது. நாளைக் காலையில் கூப்பிட்டுக்கொள்ளலாம், அவர் எங்கே போய்விடப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு, ஈர முடியோடு உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் விடிவதற்கு முன்னே கேட்டில் போய் நின்றேன். வீட்டில் இருந்த தேங்காயெண்ணெயைக் குப்பி நிறைய எடுத்துப் போயிருந்தேன். முடியை நானே அவிழ்த்துவிட்டுக்கொண்டேன். லாரி வந்தது. அதிலிருந்து இறங்கியது வேறு ஒரு பெண். குண்டாக, சின்ன வயதில், கையில் புதுச் சீப்போடு.

பழையவர் எங்கே என்று பெரிய காவலரிடமே கேட்டேன். அவர் என் கையிலிருந்த குப்பியை வாங்கிக்கொண்டு, எண்ணெய் வெளியே போகக் கூடாது என்று மேசையில் வைத்தார். பிறகு, "அந்தக் கைய வச்சிக்கிட்டு என்னா வேலை செய்யும்? நிறுத்தியாச்சு" என்றார். அவ்வளவுதான். என்னால் வெடித்த கை, என் தலையைக் கழுவிய கை, அதைக் காரணம் காட்டியே வேலையைப் பறித்துவிட்டார்கள். உத்தரவு போட்ட துரைக்கு வேலை போகவில்லை. சீயக்காயைச் சாக்கடையில் கொட்டியவருக்கு வேலை போகவில்லை. பிசின் காய்ச்சிய எனக்கும் போகவில்லை.

வேலை போனவர் புக்கிட் காத்தில் என்ற ஊர்ப் பக்கத்து ஆள் என்று லாரி டிரைவர் சொன்னார். கல்யாணமாகி மலாக்கா டவுனுக்கு வந்த பிறகு இரண்டு தடவை அங்கே போய் விசாரித்தேன். என்ன என்று விசாரிப்பது? பெயர் தெரியாது. யாருக்கு என்ன உறவு என்றும் தெரியாது. தோட்டத்துக் கேட்டில் வேலை செய்தார்களே, கையெல்லாம் வெடித்து என்று சொல்லிப் பார்த்தேன். யாருக்கும் தெரியவில்லை. என்னிடம் அவருக்கென்று இருந்த ஒரே பெயர் நான் வைத்த பெயர்தான். அதைச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இப்போது கடைக்குப் போனால் சுவர் முழுக்கச் சாம்பு. பிசுக்கு எடுக்க ஒன்று, பளபளப்புக்கு ஒன்று, பொடுகுக்கு ஒன்று. எதை வாங்குவது என்று மருமகள் கேட்பாள். அந்தப் பக்கம் தெரிகிற மாதிரி தெளிவாக இருப்பதை எடு, அதற்கு முன்னே எண்ணெய் தேய் என்பேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். ஒரு அக்கா சொல்லிக் கொடுத்தாங்க என்று மட்டும் சொல்வேன்.

கோபம் இன்னும் எனக்குப் போகவில்லை. போக வேண்டும் என்று வேண்டிக்கொள்ளவும் இல்லை, அந்த வேலியும் கேட்டும் கோபப்பட வேண்டியவைதான். ஆனால் இன்றைக்கும் எந்த வாசலில் எந்தப் பெண் என் பையைத் திறந்து பார்த்தாலும், வருகிற எரிச்சலை விழுங்கிக்கொண்டு முதலில் அவளுக்கு ஒரு முறை வைத்துக் கூப்பிட்டுவிடுகிறேன், அன்று தொண்டையோடு நின்றுபோன அந்த 'அக்கா' இனி உரியவர் காதில் விழப் போவதில்லை என்று தெரிந்தும்.